தாங்கல் தங்கலான கதை

கவிநிலாவுக்கு வயிறு எரிந்தது. மேட்டுப்பாளையத்தில் அவள் வீட்டுக்குப் பின்னால் இருக்கும் ஏரியின் மேல், கம்ப்யூட்டர் திரையில், ஒரு கட்டில் படம் போட்டிருந்தது. கட்டில் என்றால் லாட்ஜ் என்று அர்த்தமாம்.

அவள் சைக்கிளில் போய்வருகிற தூரத்தில், முத்தியால்பேட்டையில் ஒரு மாடியில் ஜி.ஐ.எஸ். வகுப்பு. 2008இல் அது புதுப் படிப்பு. செயற்கைக்கோள் படத்தின் மேல் குளம், வாய்க்கால், நிலம் எல்லாவற்றையும் வரைந்து இன்டர்நெட்டில் ஏற்றப் பழக்குவார்கள். பயிற்சிக்கென்று கொடுத்ததே ஓர் அரசு அலுவலகத்துக்குப் போகிற நீர்வள வரைபடம்தான். கவிநிலா ஏரியைக் கரை பிசகாமல் வரைந்து, ஆங்கில எழுத்தில் தாங்கல் என்று அடித்துக் கொடுத்தாள். ஆங்கிலத்தில் துணைக்கால் ஏது? பாரிஸில் வளர்ந்த வாத்தியார் அர்மான் அதைத் தங்கல் என்று படித்துக் கட்டிலைப் போட்டுவிட்டார்.

"தங்கற எடம்தானேம்மா?"

"தாங்கல்னா சின்ன ஏரி சார். எங்க தெருக் கெணத்துக்கெல்லாம் அதான் தண்ணி."

அர்மான் படத்தைப் பெரிதாக்கினார். மேகம் மறைக்கக் கூடாதென்று மே மாதத்துப் படமாகப் பார்த்து வாங்கியிருந்தார். ஏரி காய்ந்து கிடந்தது.

"எங்கம்மா தண்ணி?"

"உங்க வூட்டு மாடி டேங்க் காலியா இருந்தா, அது டேங்க்கே இல்லன்னுடுவீங்களா சார்?"

வகுப்பு சிரித்தது. அவருக்கு மட்டும் முகம் சிவந்தது. திருத்தாமலே அனுப்பிவிட்டார்.

அலுவலகத்தில் நடந்தது அதைவிடக் கூத்து. லாட்ஜைச் சரிபார்க்க ஓர் ஆள் நேரில் போனாராம். லாட்ஜ் இல்லை. கட்டிலை எடுத்துவிட்டுக் காலி மனை என்று போட்டார்கள். ஏரிக்கரை மேலேயே நின்றுகொண்டு லாட்ஜைத் தேடிய அந்தப் புண்ணியவானுக்குக் கண் எங்கே போயிற்றோ! இடம் தேடிக்கொண்டிருந்த ஒரு கம்பெனிக்கு அது கைமாறியது. லாரி லாரியாக மண் கொட்டினார்கள்.

கவிநிலா அந்த அலுவலகத்துக்கே போய் நின்றாள். மேசைக்குப் பின்னால் இருந்தவர் நிதானமாகத் திரையைத் திருப்பிக் காட்டினார்.

"மேப்ல இல்லியேம்மா."

அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அவள் வரைந்த படத்தையே அவளுக்கு எதிராகச் சாட்சிக்கு நிறுத்துகிறார்களே! கத்தியிருப்பாள், கத்தினால் பைத்தியம் என்பார்கள். படியிறங்கி வந்துவிட்டாள். மழைக்கு முன்பே அங்கே தகரக் கூரை போட்டு குடோனும் எழும்பிவிட்டது.

ஐப்பசி மழை விடாமல் அடித்தது. குடோனுக்குள் இடுப்பளவு தண்ணீர். அர்மான் கவிநிலாவைக் கூப்பிட்டு அனுப்பினார். அலுவலகத்திலிருந்து அவசர வேலை வந்திருக்கிறதாம்.

"நீதான் அந்தப் பக்கத்து ஆளு. அந்த எடத்த மட்டும் நீலமா வரஞ்சு குடும்மா. பேரு, வெள்ளப் பாதிப்புப் பகுதின்னு போட்டுடு."

கவிநிலா மவுஸைத் தொடவில்லை.

"வெள்ளமும் இல்ல, ஒண்ணும் இல்ல சார். எடத்துக்குச் சொந்தக்காரரு வந்துருக்காரு. குடோனக் காலி பண்ணச் சொல்லுங்க."