பூஜைக்கு மறுநாள், டெஸ்ட் பெஞ்ச்

ஆயுத பூஜைக்காகத் துவாக்குடிப் பட்டறையில் மெயினையே அணைத்திருந்தார்கள். மறுநாள் காலை எல்லா மெஷினும் ஓடின. பாய்லர் குழாய்களில் தண்ணீரை அழுத்தி ஏற்றிச் சோதிக்கும் பெஞ்ச் மட்டும் ஓடவில்லை. அதன் கம்ப்யூட்டர் திரையில் சந்தனப் பொட்டு இருந்தது. பக்கத்தில், ரன்டைம் கிடைக்கவில்லை என்று ஒரு வரி.

முதலாளி முருகானந்தம் ஸ்ரீரங்கத்துக்குப் போன் போட்டார். வைஷ்ணவி ஸ்கூட்டரில் வந்து சேர்ந்தாள். கம்பெனி வேலையை விட்டுத் தனியாகத் தொழில் தொடங்கியவள். அவளுடைய முதல் வேலை இந்த பெஞ்ச்.

"பாய்லர் இன்ஸ்பெக்டர் வர்ற நேரம். ஓடலைன்னா பழைய பிரஷர் கேஜையே மாட்டிடுறேன். மத்த பெஞ்சுக்கும் இதைப் போடலாம்னு சொன்னேன்ல, அது வேணாம்மா," என்றார் முருகானந்தம்.

"பாக்குறேன் சார்."

"பொட்டு வச்சது புடிக்கலையோ என்னமோ," என்றாள் பெஞ்சை இயக்கும் லூர்துராணி. "நான் வைக்கலப்பா. சார்தான் வச்சாரு."

திரையில் கட்டங்கள் வரைந்து, அவற்றைக் கோடுகளால் இணைத்து வைஷ்ணவி உருவாக்கிய புரோகிராம் அது. ரன்டைம் என்ற இன்னொரு மென்பொருள் துணையிருந்தால்தான் லினக்ஸில் ஓடும். அது இருக்கும் இடத்தை அவள் தன் லாகினில் மட்டுமே சொல்லி வைத்திருந்தாள். புரோகிராமை அன்று தன் கையாலேயே தொடங்கிவிட்டுப் போனாள். அதன்பின் யாரும் நிறுத்தவில்லை. கரண்ட் போனபோதெல்லாம் யுபிஎஸ் தாங்கியது. நேற்று யுபிஎஸ்ஸையும் சேர்த்து அணைத்து இன்று போட்டதும், கம்ப்யூட்டர் பட்டறையின் பொது லாகினில் எழுந்தது. ரன்டைம் எங்கே என்று அதற்குத் தெரியவில்லை.

தன் லாகினில் நுழைந்து தொடங்கினால் உடனே ஓடும். யாருக்கும் தெரியாது. அடுத்த பூஜைவரை.

வைஷ்ணவி பொது லாகினுக்கும் இடத்தைச் சொன்னாள். கம்ப்யூட்டர் எழுந்ததும் புரோகிராம் தானே தொடங்கும்படி எழுதினாள்.

"நான்தான் சார் அரைகுறையா விட்டுட்டுப் போயிருக்கேன். இப்ப சரி பண்ணிட்டேன். மெயின், யுபிஎஸ் ரெண்டையும் ஒருவாட்டி அணைச்சுப் போடணும்."

"இப்பவா? அவரு கேட்டுக்கு வந்துட்டாரும்மா!"

"இப்பதான் சார் பாக்கணும்."

முருகானந்தம் கேட்டைப் பார்த்தார். "அணை ராணி. ஆனது ஆகட்டும்."

லூர்துராணி அணைத்தாள். போட்டாள். கறுப்புத் திரையில் எழுத்துகள் ஓடி நின்றன. வைஷ்ணவி கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டாள்.

அழுத்தமானி திரையில் வந்தது. முள் பூஜ்யத்தில் நின்றது.

"ரெடியா?" என்றபடி இன்ஸ்பெக்டர் உள்ளே வந்தார்.

முருகானந்தம் வைஷ்ணவியைப் பார்த்தார். லூர்துராணி அதற்குள் பம்பைத் தட்டிவிட்டிருந்தாள்.

"கொஞ்சம் தள்ளி நில்லுங்க மேடம், தண்ணி தெறிக்கும்," என்றாள் வைஷ்ணவியிடம்.

முள் ஏறியது.

"போறப்ப மத்த பெஞ்சையும் ஒரு பார்வை பாத்துட்டுப் போம்மா," என்றார் முருகானந்தம், முள்ளிலிருந்து கண்ணை எடுக்காமல்.