உயிலில் பெயர் இல்லாத இருவர்

என் அப்பா ஸ்டானிஸ்லாஸ் ராயபுரம் பயர் ஸ்டேஷனில் வேலை பார்த்தார். எரிகிற கூரைமேல் யோசிக்காமல் ஏறுவார். உயில் என்று சொன்னால் மட்டும் எழுந்து போய்விடுவார்.

அவர் மனம் மாறியது கூட வேலை பார்த்த நீலமேகத்தால். தண்டையார்பேட்டைப் பஞ்சுக் கிடங்கு எரிந்தபோது கூரை சரிந்து நீலமேகம் போய்விட்டார். கருமாதிக்கு முன்பே அவருடைய அண்ணன்மார் பூட்டோடு வந்தார்கள். அவர் மனைவி ராஜாத்தி கட்டிய சேலையோடு தெருவில் நின்றாள். ஞாபகத்துக்கு அவர் சீப்பையாவது கொடுங்கள் என்று கேட்டுப் போன ஸ்டேஷன்காரர்களையும் விரட்டிவிட்டார்கள்.

அந்தச் சீப்புதான் அப்பாவைக் குடைந்தது.

"என் சாமான் ஒவ்வொண்ணும் யாருக்குன்னு எழுதிடணும். வக்கீலுக்கு இன்னாத்துக்கு தண்டம்? எம் பொண்ணு பி.ஏ.!" என்று ஞாயிறு பூசை முடிந்த கையோடு என்னை ஸ்டேஷனுக்கு இழுத்துப் போனார். நான் படித்தது சரித்திரம். அக்பர் செத்த வருஷம் தெரியும், உயில் எழுதத் தெரியாது. சிநேகிதியின் தகப்பனாரிடம் சட்டப் புத்தகம் இரவல் வாங்கி, படித்துவிட்டுத்தான் போயிருந்தேன்.

என்ஜினைத் துடைத்துக்கொண்டிருந்தவர்கள் எல்லாரும் சுற்றி உட்கார்ந்தார்கள். அப்பா சொல்லச் சொல்ல எழுதினேன். சைக்கிள் குணசேகரனுக்கு. ஆர்மோனியம் டிரைவர் ஜெயவேலுக்கு. ஆடு தண்டபாணியின் மனைவி குப்பம்மாவுக்கு. கோயில் சாமியாருக்குக்கூட ஒரு கட்டு மெழுகுவத்தி.

"பித்தள தொப்பி..."

"அது சர்க்காருது நைனா."

"சரி, வுடு. வூட்ட உங்க அண்ணனுக்கு எழுது."

பேனா நின்றது. அண்ணன் சவரிமுத்து கிண்டிக் குதிரைப் பந்தயமே கதி என்று கிடப்பவன். வீடு அவன் கைக்குப் போனால் அடுத்த பந்தயத்துக்குள் கைமாறிவிடும்.

"அம்மாவுக்கு?"

"மவன் பாத்துப்பான்."

"எனக்கு?"

"உன்னிய படிக்க வெச்சேன் இல்ல? அதான் உன் பங்கு."

வாயை மூடிக்கொண்டு எழுதினேன். கடைசியில் சாட்சிக்கு இரண்டு கையெழுத்து வேண்டும் என்றதும் அத்தனை பேரும் முண்டியடித்து வந்தார்கள்.

"கொஞ்சம் நில்லுங்க. நம்ம கிறிஸ்தவச் சட்டப்படி, சாட்சிக் கையெழுத்துப் போடறவருக்கு உயில்ல எழுதினது கிடைக்காது. அவர் பெண்டாட்டிக்கு எழுதினதும் கிடைக்காது."

முண்டியடித்தவர்கள் பின்வாங்கினார்கள்.

"தண்டபாணி, நீ போடுடா," என்றார் அப்பா.

"ஆடு சினையா கீது மாமு. கையெழுத்த போட்டுட்டு வூட்டுக்குப் போனா குப்பு என்னிய சும்மா வுடுவாளா?"

ஜெயவேலுக்கு ஆர்மோனியத்தை விட மனமில்லை. குணசேகரன் சைக்கிள் மணியை அடித்துக் காட்டினார். தெருவில் போகிறவனைக் கூப்பிடலாம் என்றால், நாளைக்குக் கோர்ட்டில் வந்து சொல்வானா என்று அப்பாவே மறுத்துவிட்டார். அவருக்குத் தெரிந்தவர்கள் எல்லாரும் உயிலுக்குள் இருந்தார்கள்.

இல்லை, ஒருவர் இருந்தார். எதிரே மளிகைக் கடை வைத்திருக்கும் திருநெல்வேலிக்காரர் ஆறுமுகநயினார். அவர் கடையில் சாம்பிராணி போட்ட புகையை நெருப்பு என்று நினைத்து அப்பாவின் ஆட்கள் மிளகாய் மூட்டைகளை நனைத்த நாளிலிருந்து இருவருக்கும் பேச்சு இல்லை. அவரை நான் போய்க் கூப்பிட்டேன்.

"ஓய் ஸ்டானிஸ்லாஸ், எனக்கு ஒண்ணும் எழுதலைன்னு உறுதிதானே? அப்பம் சந்தோசமாப் போடுதேன்!"

"இன்னொருத்தர்?" என்றார் அப்பா. எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். அப்பா முகம் மலர்ந்தது. "அட, நம்ம லூர்து! இதுக்குத்தான் ஒண்ணும் எழுதல போல!"

அவர்கள் சிரித்தார்கள். நான் பேனாவை மூடினேன்.

"போட மாட்டேன்."

"இன்னா?"

"வீட்டை அம்மாவுக்கு எழுதுங்க. போடறேன்."

"பெத்த அப்பனையே மெரட்றியா?"

"ஆமா. ராஜாத்தி அக்கா இப்ப எங்க படுக்கறாங்க, தெரியுமா நைனா?"

ஜெயவேல்தான் வாயைத் திறந்தார். "காசிமேட்டுல, அவங்க தங்கச்சி வூட்ல. அடுப்பாண்ட."

"நீலமேகம் அண்ணன் நெருப்புல போனார். அவங்க என்ன தப்பு செஞ்சாங்க? நாளைக்கு நீங்க ஏறின கூரை சரிஞ்சா அம்மா யார் வீட்டு அடுப்பாண்ட படுக்கணும்?"

குரல் உயர்ந்துவிட்டது. உயரட்டும் என்று விட்டுவிட்டேன்.

"அந்தப் பிள்ளை சொல்லுததுல என்ன தப்புவே?" என்றார் ஆறுமுகநயினார்.

"யோவ், உன்னிய கையெழுத்து போடத்தான் இட்டாந்தாங்க, ரோசன சொல்ல இல்ல!"

அப்பா எழுந்து என்ஜினை ஒரு சுற்றுச் சுற்றினார். துடைத்த இடத்தையே மறுபடி துடைத்தார்.

"சரி, எழுது. வூடு உங்கம்மா வியாகுலத்துக்கு. அவளுக்கு அப்பால?"

"அதை அம்மா முடிவு பண்ணட்டும். அது அவங்க எழுத வேண்டிய உயில்."

புதுத் தாளில் முதலிலிருந்து எழுதினேன். அப்பா கையெழுத்துப் போட்டார். அவருக்கு ஆகாத நாங்கள் இருவரும் அவர் கண் முன்னால் சாட்சிக் கையெழுத்துப் போட்டோம்.

வீட்டில் அம்மாவுக்குப் படித்துக் காட்டினேன். தன் பெயர் வந்த இடத்தில் நிறுத்தி, அதை மட்டும் திரும்பப் படிக்கச் சொன்னாள். பிறகு எழுந்து கொல்லைப் பக்கம் போய்ச் சுவரைத் தட்டிப் பார்த்தாள்.

"இந்தச் செவுர கொஞ்சம் தள்ளிக் கட்டினா ஒரு ரூம்பு வரும். வாடகைக்கு வுடலாம்."

"நான் இன்னும் சாவலடி!" என்று கத்தினார் அப்பா.

"உன்ன ஆரு சாவ சொன்னா? நீ பாட்டுக்கு இரு," என்றாள் அம்மா. "ஆனா, சவரி வந்து வூட்டப் பத்தி கேட்டா என்னாண்ட அனுப்பு."