நானூற்றுப் பன்னிரண்டு

பம்பாயிலிருந்து புது சிலிண்டர் திங்கட்கிழமை காலையில் ஸ்ரீரங்கனிடம் வந்து சேர்ந்தது. அடையாறில் மூன்றாவது மாடியிலிருந்த அந்த ஆய்வுக்கூடத்தில், ஊர்க்காற்றில் எத்தனை துளி கந்தக வாயு கலந்திருக்கிறது என்று அளக்கும் கருவிக்கு அவர்தான் பொறுப்பு. கருவி பொய் சொல்லாமலிருக்க, வாராவாரம் அளவு தெரிந்த வாயுவை சிலிண்டரிலிருந்து கொடுத்துப் பார்ப்பார்கள். சிலிண்டரில் ஒட்டிய சீட்டில் நூறு என்றிருந்தால் வரைபடத் தாளில் பேனாவும் நூறில் நிற்க வேண்டும். நிற்காவிட்டால் கருவியிலுள்ள எண் போட்ட குமிழைத் திருகி நிறுத்த வேண்டும். புது வாயுவைத் திறந்தார். சீட்டில் நூறு. பேனா விறுவிறுவென்று ஏறி நூற்று அறுபதில் போய் நின்றது. பழையதை மாட்டினார். சமர்த்தாக நூறு. மூன்று தடவை மாற்றி மாற்றிப் பார்த்தும் அதே கதைதான்.

பழைய சிலிண்டருக்குள் வாயு கொஞ்சம் கொஞ்சமாகச் சத்திழந்து போயிருக்கிறது. இதை இரண்டு வருடத்துக்கு முன்பே ஒருவன் படித்துப் படித்துச் சொன்னான். கருணாகரன், ஒப்பந்த வேலையில் இருந்த டெக்னீஷியன். "வாராவாரம் குமிழ ஏத்திக்கினே போறோம் சார். மெஷின் நல்லாத்தான் கீது. சிலிண்டர்தான் எறங்குது." ஸ்ரீரங்கனுக்குச் சீட்டு வேதவாக்கு. "அச்சடிச்சு ஒட்டியிருக்கான், அது பொய், நீ சொல்றது நிஜமா?" என்றார். அவன் குமிழைத் தொடமாட்டேன் என்றான். 'அளவீட்டில் அலட்சியம்' என்று கோப்பில் எழுதிக் கையெழுத்துப் போட்டு அவனை வேலையைவிட்டு அனுப்பினார். அந்த ஒரு வரியைப் பார்த்துவிட்டு வேறெந்த ஆய்வுக்கூடமும் அவனை உள்ளே விடவில்லை.

அலமாரியில் தேடி அவனுடைய நோட்டை எடுத்தார். கடைசிப் பக்கத்தில் பென்சிலில் இருந்தது: 'இந்த சிலிண்டர் வந்த அன்றைக்குக் குமிழ் 412. இதற்கு மேல் ஏற்ற மாட்டேன்.' குமிழை 412க்கு இறக்கிவிட்டுப் புது வாயுவைத் திறந்தார். பேனா ஏறிவந்து நூறில் நின்றது. அசையவே இல்லை. ஸ்ரீரங்கன் ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டார். அறையில் வேறு யாரும் இல்லை; இருந்தும் அவமானமாக இருந்தது. இரண்டு வருட அளவுகளும் தப்பு. அவற்றை வைத்து டெல்லியில் வாசித்துக் கைதட்டல் வாங்கிய கட்டுரையும் தப்பு. அதைவிட, அந்தப் பையனை என்ன பேச்சு பேசினோம் என்பதுதான் அவரைப் பிடுங்கித் தின்றது.

சாயங்காலம் விசாரித்துக்கொண்டு ஆதம்பாக்கம் போனார். கேஸ் அடுப்பு ரிப்பேர் கடை. கருணாகரன் கசிவு இருக்கிறதா என்று பார்க்க ரப்பர் குழாயின் இணைப்பில் சோப்புத் தண்ணீர் தடவிக்கொண்டிருந்தான்.

"இன்னா சார், ஸ்டவ்வு எரியலயா?"

"நீ சொன்னதுதான் சரி, கருணாகரன். சிலிண்டர்தான் கெட்டுப்போயிருந்தது. உன் நோட்டைப் பார்த்து 412ல வெச்சேன். நூறுல அப்படியே நின்னுது. தப்பு எம்மேலதான்."

அவன் பிரஷ்ஷைக் கீழே வைத்தான்.

"நின்னுச்சா?"

"நின்னுது."

கைகளைத் துடைத்துக்கொண்டான். பிறகு பில் புத்தகத்தில் ஒரு தாளைத் திருப்பி அவர் முன்னால் வைத்தான். "அன்னிக்கு எழுதித்தானே அனுப்புனீங்க. இதையும் எழுதிக் குடுத்துடுங்க சார்."

வாயால் சொன்னதோடு முடிந்துவிடும் என்று நினைத்து வந்திருந்தார். எழுதினால் கட்டுரை போகும். பேரும் போகும். பேனாவைத் திறந்து தேதி போட்டார். அவனுடைய முழுப்பெயரை எழுதினார். அதற்குமேல் கை ஓடவில்லை.

குழாய் இணைப்பில் சோப்புக் குமிழி ஒன்று மெதுவாக ஊதிக்கொண்டிருந்தது. கருணாகரன் அதைக் கவனிக்கவில்லை. பேனாவையே பார்த்துக்கொண்டிருந்தான்.