ஒன்பதாவது பத்தி

அமைச்சரான பிறகு என்னைச் சுற்றி ஆளுக்குப் பஞ்சமே இல்லை. காலையில் கதவைத் திறந்தால் வாசலில் நாற்பது பேர். காரில் முன்னால் ஒருவர், பக்கத்தில் ஒருவர். குளியலறைக்கு மட்டும்தான் யாரும் கூட வருவதில்லை. அதற்கும் சீக்கிரம் ஒரு சுற்றறிக்கை வந்துவிடுமோ என்று பயந்துகொண்டிருக்கிறேன். ஆனால் சாப்பிட உட்கார்ந்தால் பன்னிரண்டு பேர் உட்காரும் மேசையில் ஒரே ஒரு தட்டு. முதல் மாதம் நடுவில் இருந்த நாற்காலியில் உட்கார்ந்தேன். அப்புறம் சுவரோரம் மாறிக்கொண்டேன். அங்கே கொஞ்சம் தேவலை.

எனக்கென்று இருந்தவர் அண்ணன் ஒருவர்தான். தையற்காரர். ஞாயிற்றுக்கிழமை கடைக்கு விடுமுறை என்பதால் காலை பத்து மணிக்கு டாணென்று போன் செய்வார்.

"என்ன வாயாடி, நாடு எப்படி இருக்கு?"

நான் நாட்டைப் பற்றிப் பொய் சொல்வேன். அவர் தன் முழங்கால் வலியைப் பற்றிப் பொய் சொல்வார். அரை மணி நேரம் போவதே தெரியாது. அந்தப் போன் வந்து ஐந்து வாரம் ஆகிவிட்டது. காரணம் தெரிந்தும் தெரியாத மாதிரி இருந்தேன். அரசியலில் இதற்கு நல்ல பயிற்சி கிடைக்கும்.

பத்தொன்பது வருடத்துக்கு முந்தைய கதை இது. அண்ணன் வீட்டுக்குப் பின்னால் ஒரு பேட்டரி ஆலை. அதன் கழிவு மண்ணுக்குள் இறங்கி, வீட்டுக் கிணற்றில் ஈயம் கலந்துவிட்டது. அந்தத் தண்ணீரைக் குடித்து அண்ணிக்குச் சிறுநீரகம் இரண்டும் போய், ஒரு வருடத்தில் அவளும் போய்விட்டாள். நான் அப்போது கறுப்புக் கோட்டுப் போட்டு மூன்றே வருடமான வக்கீல். ஆலையை மேற்பார்வை பார்க்கத் தவறிய அமைச்சகத்தின் மீது வழக்குப் போடலாம் என்று அண்ணனைப் பிடித்து இழுத்தேன். அவருக்கு நீதிமன்றம் என்றாலே ஆகாது. நான் விடவில்லை. பத்தொன்பது பத்தி எழுதினேன். ஒன்பதாவது பத்தி அண்ணியுடையது. மனுதாரரின் மனைவி இறந்ததற்கு இந்தக் கிணற்று நீரே காரணம் என்று அது முடியும். அதை எழுதும்போது நான் அழுததை இப்போது சொன்னால் யாரும் நம்பப் போவதில்லை.

அந்த வழக்குதான் என்னை ஆளாக்கியது. பத்திரிகையில் படம் வந்தது. வேறு ஆறுகள், வேறு ஏரிகள், வேறு ஆலைகள் என்னைத் தேடி வந்தன. பிறகு கட்சி தேடி வந்தது. தோற்றேன், ஜெயித்தேன், மறுபடி ஜெயித்தேன். கடைசியில் நான் வழக்குப் போட்ட அதே சுற்றுச்சூழல் அமைச்சகத்தையே என் கையில் கொடுத்தார்கள். அண்ணனின் வழக்கு மட்டும் வாய்தா மேல் வாய்தாவாக அதே இடத்தில் கிடந்தது. அதை என் ஜூனியரிடம் ஒப்படைத்துவிட்டு நான் பாட்டுக்கு வந்துவிட்டேன்.

இந்த வருடம் வந்த புதிய நீதிபதி பொறுமை இழந்துவிட்டார். அதிகாரிகள் இழுத்தடித்தது போதும், அமைச்சரே உறுதிமொழிப் பத்திரம் தாக்கல் செய்யட்டும் என்று உத்தரவு போட்டார். செயலாளர் பதிலைத் தயாரித்துக் கொண்டுவந்தார். ஒன்பதாவது பத்திக்கான பதில் இது: கூறப்பட்டவை முற்றிலும் மறுக்கப்படுகின்றன, மனுதாரர் தன் மனைவிக்கு உரிய காலத்தில் சிகிச்சை அளிக்கத் தவறியதே மரணத்துக்குக் காரணம்.

"மேடம், இது உங்க அண்ணன் கேஸ். வேணும்னா வேற அமைச்சர்கிட்ட அனுப்பிடலாம்" என்றார் செயலாளர் மெதுவாக.

அனுப்பியிருக்கலாம். ஆனால் அந்த வாரம் என் நிலத்தடி நீர் மசோதா ஓட்டெடுப்புக்கு வரவிருந்தது. நாட்டிலுள்ள அத்தனை ஆலைக் கழிவுக்கும் கடிவாளம் போடும் மசோதா. ஆலைகள் உள்ள தொகுதிகளிலிருந்து பதினோரு ஓட்டு தேவைப்பட்டது. நான் ஒதுங்கினாலும் ஒத்துக்கொண்டாலும், ஆலைகளை மாட்டிவிடப் பார்க்கிறாள் என்று அந்தப் பதினோரு பேரும் நழுவிவிடுவார்கள். பத்தாயிரம் கிணறு ஒரு பக்கம், ஒரு பத்தி ஒரு பக்கம். மசோதா நிறைவேறட்டும், அப்புறம் திருத்திய பதில் போட்டு ஒன்பதாவது பத்தியை ஒத்துக்கொள்ளலாம் என்று மனதுக்குள் கணக்குப் போட்டேன். தவிர, எதிராளி சூரியன் கிழக்கே உதிக்கிறது என்று எழுதினாலும் முதலில் மறு என்று ஜூனியர்களுக்குச் சொல்லிக் கொடுத்தவளே நான்தான். மறுக்காமல் விட்டது ஒத்துக்கொண்டதற்குச் சமம். இது எங்கள் தொழிலில் குழந்தைக்கும் தெரியும்.

"குடுங்க" என்று வாங்கி, காட்டிய இடங்களிலெல்லாம் கையெழுத்துப் போட்டேன். அண்ணனுக்கு ஒரு வார்த்தை சொல்லவில்லை. எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை என்பதுதான் நிஜம்.

மசோதா நிறைவேறியது. மேசையைத் தட்டினார்கள், மாலை போட்டார்கள். அந்த ஞாயிற்றுக்கிழமை பத்து மணிக்கு நான் போனைக் கையிலேயே வைத்துக்கொண்டிருந்தேன். அது அடிக்கவில்லை.

ஆறாவது வாரம் ஜூனியர் கூப்பிட்டாள்.

"அக்கா, அண்ணன் கேஸை வாபஸ் வாங்கிட்டார்."

"நீ என்ன பண்ணிட்டிருந்த?"

"எவ்வளவோ சொல்லிப் பாத்தேன். தப்பா போட்ட கேஸு, வேண்டாம்னு ஒரே பிடியா நின்னார்."

போனை வைப்பதற்குள் செயலாளர் சிரித்த முகத்தோடு உள்ளே வந்தார். "ஒரு தலைவலி விட்டது மேடம்." நான் எழுதி வைத்திருந்த திருத்திய பதில் மேசை இழுப்பறையில் கிடந்தது. இனி அதைத் தாக்கல் செய்ய வழக்கே இல்லை. அவரைக் கன்னத்தில் அறையலாம் போல இருந்தது. அவர் என்ன செய்வார், பாவம்.

காவலர்களைத் தெருமுனையிலேயே நிறுத்திவிட்டு அண்ணன் கடைக்கு நடந்து போனேன். இஸ்திரிப் பெட்டியின் சூடும் புதுத் துணி வாசனையும் அப்படியே இருந்தன. அவர்தான் இளைத்திருந்தார். என்னைப் பார்த்ததும் ஸ்டூலில் கிடந்த துணிகளை அள்ளி இடம் செய்து கொடுத்தார். கோபம் இருந்தால் சமாளித்திருப்பேன். அவர் முகத்தில் கோபமே இல்லை.

"ஏண்ணே வாபஸ் வாங்கினீங்க?"

"நீதானேம்மா எழுதியிருக்க, நான் லேட்டா கூட்டிட்டுப் போனேன்னு."

"அண்ணே..."

"நாலு மாசமா அசதியா இருக்கு, அசதியா இருக்குன்னு சொல்லிட்டேதான் இருந்தா. யூனிஃபார்ம் ஆர்டர் இருக்கு, முடிச்சிட்டு டாக்டர்கிட்ட போலாம்னேன். அவ போனப்புறம் அதையே நெனச்சு நெனச்சுத் தூக்கமே இல்ல. தண்ணியாலதான்னு நீ எழுதிக் காட்டின அன்னிக்குத்தான் கொஞ்சம் கண்ணசந்தேன். இத்தனை வருஷமும் நல்லாத்தான் தூங்கினேன்."

இது எனக்குத் தெரியாது. ஊருக்கெல்லாம் வாதாடினேனே தவிர, பக்கத்தில் இருந்த மனுதாரரிடம் இதை ஒரு தடவைகூட நான் கேட்டதில்லை.

"அது கோர்ட்டுல வழக்கமா எழுதுறதுண்ணே. மறுக்காம விட்டா ஒத்துக்கிட்டதா ஆயிடும், அதுக்காகப் போடுறது. எழுதுறவங்களே அதை நம்ப மாட்டாங்க."

அண்ணன் கையிலிருந்த துணியை மடித்து வைத்தார்.

"அப்போ நீ மொதல்ல எழுதினது? அதுவும் வழக்கமா எழுதுறதுதானா?"

"இல்லண்ணே. அது உண்மை. சத்தியமா உண்மை."

அவர் தையல் மிஷின் இழுப்பறையைத் திறந்தார். என் பழைய மனுவையும், ஜூனியர் கொடுத்த புதிய பதிலின் நகலையும் எடுத்து வெட்டும் பலகையில் பக்கம் பக்கமாக விரித்தார். இரண்டிலும் கடைசிப் பக்கத்தைத் திருப்பி, ஒரே மாதிரி இருந்த கடைசி வரியில் விரல் வைத்தார். மேலே கூறியவை அனைத்தும் உண்மை என உளமார உறுதி கூறுகிறேன். பழையதில் அவர் கையெழுத்து, தயாரித்த வக்கீல் என்று என் கையெழுத்து. புதியதில் என் கையெழுத்து மட்டும்.

"ரெண்டுலயும் அப்படித்தாம்மா போட்டிருக்கு" என்றார்.