பெஞ்சுக் கால்

கண் ஆபரேஷன் முடிந்து, கீரப்பாளையத்தில் மகள் வீட்டில் இரண்டு மாதம் இருந்துவிட்டு நேற்றுதான் முதுநகர் திரும்பினேன். பஸ்ஸை விட்டு இறங்கி நேராகப் பூங்காவுக்குப் போனேன். சறுக்குமரத்தைக் காணோம். பிடுங்கிச் சுவரோரம் போட்டிருந்தார்கள். அது நின்ற இடத்தில் நாலு இரும்புத் தூண், தகரக் கூரை. உள்ளே மஞ்சள் புடவை சுற்றிய ஒரு கல்.

அது நான் நட்டது.

பதினெட்டு வருஷம் அந்தப் பூங்காவுக்கு நான்தான் வாட்ச்மேன். பன்னிரண்டு சென்ட் இடம். முன்னே ரயிலுக்குக் கரி கொட்டி வைத்த இடம் என்பார்கள். நான் நம்பவில்லை, ஆனால் எங்கே தோண்டினாலும் மண் கறுப்பாகத்தான் வந்தது. ஒரு புங்கமரம், மூன்று சிமென்ட் பெஞ்சு, திறப்பு விழா அன்று மட்டும் பீய்ச்சிய நீரூற்று, ஒரு சறுக்குமரம். அந்தத் தெருப் பிள்ளைகளுக்கு விளையாட வேறு இடம் கிடையாது. ரயிலை விட்டு இறங்குகிறவன் எல்லாம் அந்தச் சுவரோரம்தான் ஒன்றுக்கு ஒதுங்குவான். போர்டு வைத்தோம், போர்டு மேலேயே போனான். ஒரு நாள் உடைந்த பெஞ்சுக் காலை நட்டு, மஞ்சள் பூசி, குங்குமம் வைத்தேன். மறுநாளிலிருந்து ஒருத்தன் வரவில்லை.

சைக்கிள் கடை உத்திராபதி தூணுக்குப் பெயின்ட் அடித்துக்கொண்டிருந்தான். கோயில் கமிட்டித் தலைவனாம்.

"மாப்ள, அது பெஞ்சுக் கால். உள்ள கம்பி இருக்கு, தட்டிப் பாரு."

"மாமா, கண்ணுலதான ஆபரேஷன் பண்ணாங்க?"

"நாந்தான் நட்டேன். ஒன்னுக்குப் போறவன வெரட்ட."

"ஒங்க கையால நடணும்னு ஆத்தா நெனச்சிருக்கா. கன்னத்துல போட்டுக்குங்க."

என் வீட்டுக்காரி சொன்னால் நம்புவான், கல்லில் பூசியது அவள் சமையல்கட்டு மஞ்சள்தானே என்று திரும்பினேன். புஷ்பவள்ளியே தட்டோடு வந்து நின்றாள். தட்டில் வெள்ளியில் செய்த கண்மலர்.

"ஒங்க கண்ணுக்கு வேண்டிக்கிட்டேன்."

"இது பெஞ்சுக் காலுன்னு ஒனக்குத் தெரியாதா?"

"தெரியும். அப்ப யாரு கும்புட்டா? இப்ப ஊரே கும்புடுது. சும்மாவா இருக்கும்?"

நாற்பது வருஷம் என்னோடு குடித்தனம் நடத்தியவள்.

சுவரோரம் கிடந்த சறுக்குமரத்தின் மேல் இரண்டு பிள்ளைகள் சும்மா உட்கார்ந்திருந்தார்கள்.

"உத்திராபதி, போன வாரம் கனவுல வந்தா. புள்ளைங்க சத்தமே கேக்கலியே, சறுக்குமரம் எங்கன்னு கேட்டா."

பிரஷ் அவன் கையிலிருந்து விழுந்தது.

சாயங்காலத்துக்குள் சறுக்குமரம் கொட்டகைக்கு எதிரே நட்டாயிற்று. யாரும் ஒரு கேள்வி கேட்கவில்லை.

வீட்டுக்கு வந்து செருப்பைக் கழற்றினேன். புஷ்பவள்ளி பக்கத்தில் வந்து, குரலைத் தாழ்த்திக் கேட்டாள்:

"கனவுல என்ன கலர் பொடவ கட்டியிருந்தா?"