அந்த ஒருத்தர்

ஏஜென்டின் குரல் மேஜை மேலிருந்த போனிலிருந்து வந்துகொண்டிருந்தது. முதலாளி கண்ணாடியைக் கழற்றிவிட்டு மூக்கைத் தேய்த்துக்கொண்டார். ஆபீஸ் அக்கா எதிரே நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். சலவைக் கூடத்து ஆட்களுக்கும் அவர்கள் குடும்பங்களுக்குமான மருத்துவ இன்சூரன்ஸை அடுத்த வருஷத்துக்குப் புதுப்பிக்க வேண்டும். இந்தத் தடவை கட்ட வேண்டிய தொகை போன வருஷத்தைவிட ஏறக்குறைய ஒன்றரை மடங்கு. ஏன் என்று கேட்டதற்கு, மருந்து விலை, ஆஸ்பத்திரி விலை என்று வழக்கமான பாட்டைப் பாடிவிட்டு ஏஜென்ட் குரலைத் தாழ்த்தினார். "உங்க ஆளுங்கள்ல ஒரே ஒருத்தரோட செலவுதான் சார், மொத்தத்துல பாதிக்கு மேல. அவங்களுக்கா, அவங்க வீட்டுல யாருக்காவதான்னு கேக்காதீங்க. பேர் சொல்ல எனக்கு அனுமதி இல்ல."

முதலாளி போனை அணைத்தார். கண்ணாடித் தடுப்புக்கு அந்தப் பக்கம் துணியைக் காயவைத்துத் தேய்க்கிற பெரிய உருளை சுற்றிக்கொண்டிருந்தது. ஈரத் துணி ஒரு பக்கம் நுழைந்து மறுபக்கம் ஆவியோடு வெளியே வந்தது. ஓட்டல் படுக்கை விரிப்புகள், ஆஸ்பத்திரிப் போர்வைகள், எல்லாம் ஒரே வெள்ளை.

"யாரா இருக்கும்க்கா?" என்றார். அவளைவிட வயதில் மூத்தவர்தான். ஆனால் அந்தக் கூடத்தில் சம்பளமும் லீவும் பார்க்கிறவளை எல்லோருமே அக்கா என்றுதான் கூப்பிடுவார்கள்.

"தெரியலையே சார்."

"கொஞ்சம் பாருங்க. யார்கிட்டயும் கேக்க வேணாம். சும்மா கண்ண மட்டும் வச்சிருங்க. இதே ரேட்ல போனா குடும்பத்தையெல்லாம் எடுத்துட்டு ஆளுக்கு மட்டும்னு வைக்க வேண்டியதுதான். இல்லேன்னா மொத்தமா விட்டுடணும்."

அது தப்பான வேலை என்று அவளுக்குத் தெரிந்தது. தெரிந்த அதே நொடியில் மனசு ஒரு துள்ளு துள்ளியதும் தெரிந்தது. அவள் சுபாவம் அப்படி. எதிர்வீட்டில் புதுக் கட்டில் இறங்கினால் யாருக்கு என்று தெரிந்துகொள்ளாமல் அவளுக்குச் சோறு இறங்காது. பஸ்ஸில் பக்கத்தில் இருப்பவர் போனில் பாதிப் பேச்சைக் கேட்டால் மீதிப் பாதியைத் தானே கட்டிக்கொள்வாள். உன் மூக்குக்குத் தனியாக டிக்கெட் எடுக்கணும் என்று வீட்டுக்காரர் கேலி செய்வார்.

ஆகவே பார்த்தாள். இத்தனை வருஷம் கூட இருந்தவர்களை முதல் தடவையாகப் பார்ப்பதுபோல் இருந்தது. மெக்கானிக்குக்குப் பூனை என்று பட்டப்பெயர், நடப்பதே கேட்காது. அவன் சாப்பாட்டு நேரத்தில் பாய்லர் அறைக்குப் பின்னால் போய் யாரிடமோ போனில் பேசிவிட்டு முகம் கழுவிக்கொண்டு வருவதை இப்போதுதான் கவனித்தாள். மடிப்பு மேஜையில் எல்லோரையும் விரட்டி வேலை வாங்குவதால் மேஸ்திரி என்று பெயர் வாங்கிய பெண், மேல் தட்டில் துணி வைக்க மட்டும் வேறு ஆளைக் கூப்பிட்டாள். வண்டி ஓட்டுகிற டிரைவர் மூட்டைகளை இறக்கிவிட்டு யாரும் பார்க்காதபோது முதுகைத் தூணில் தேய்த்தார். பார்க்கப் பார்க்க ஒவ்வொருவரும் ஆளே மாறிப் போனார்கள். காலையில் இவன்தான் என்று நினைப்பாள். மாலைக்குள் அந்த இடத்தில் வேறொரு முகம் வந்து உட்கார்ந்துவிடும்.

விஷயம் வெளியே கசிய அதிக நேரம் ஆகவில்லை. கண்ணாடித் தடுப்பு ஆவியை மட்டும்தான் தடுக்கும். டீ நேரத்தில் "அந்த ஒருத்தர்" என்ற பேச்சு கப்போடு கப்பாகக் கைமாறியது. முதலில் சிரித்தார்கள். யாராவது தும்மினால், "போச்சு, பிரீமியம் ஏறிடுச்சு" என்றார்கள். பிறகு சிரிப்பு நின்றது, இருமலும் நின்றது. வருகிற இருமலை வாய்க்குள்ளேயே விழுங்கப் பழகினார்கள். பல் வலிக்கு லீவு எழுதிக் கொடுத்தவர் மறுநாள் அதைத் திரும்ப வாங்கிக்கொண்டார், வலி தானாகப் போய்விட்டதாம். கன்னம் என்னவோ வீங்கித்தான் இருந்தது.

அந்த வாரத்தில்தான் பூனையின் மணிக்கட்டில் ஆவிக்குழாய் பட்டது. தோல் வெந்து சிவந்துவிட்டது. அவன் ஈரத் துண்டைச் சுற்றிக்கொண்டு வேலையைத் தொடர்ந்தான். ஆபீஸ் அக்கா போய்ப் பார்த்தபோது கொப்புளம் கண்ணாடி மாதிரி பளபளத்தது.

"ஆஸ்பத்திரிக்குப் போகலாம், வா."

"வேணாம்க்கா. கணக்குல ஏறிடும்."

அவள் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனாள். காத்திருக்கும் அறையில் டிவி சத்தமில்லாமல் ஓடிக்கொண்டிருந்தது. அவன் கட்டுப் போட்ட கையை மடியில் ஒரு குழந்தையைப்போல வைத்துக்கொண்டு, அவளைப் பார்க்காமல், "அக்கா, அது நான்தான்" என்றான்.

"எது?"

"அந்த ஒருத்தர். என் வீட்டுக்காரிக்குக் கிட்னி ரெண்டும் போச்சு. வாரத்துல மூணு நாள் மெஷின்ல படுக்க வைக்கறாங்க. யார்கிட்டயும் சொல்லல. மெஷின்ல இருக்கும்போது அவளுக்குப் பயமா இருக்கும், அதான் மத்தியானத்துல பேசுவேன். நான் வேலைய விட்டுட்டா மத்தவங்களுக்குக் கொறையுமாக்கா?"

தெரிந்துகொண்ட சந்தோஷம் வரும் என்று அவள் நினைத்திருந்தாள். வரவில்லை. "கொறையாது. பைத்தியம் மாதிரி பேசாத" என்றாள். குறையுமா குறையாதா என்று உண்மையில் அவளுக்குத் தெரியாது.

மறுநாள் காலை டிரைவர் ஆபீசுக்குள் வந்து கதவைச் சாத்தினார். உட்காரவில்லை. சட்டைப் பொத்தான்களைக் கழற்றியதும் அவள் பதறிப்போனாள். அவர் திரும்பி நின்று முதுகைக் காட்டினார். செதில் செதிலாக, ஆற்றுப்படுகை காய்ந்து வெடித்தது மாதிரி இருந்தது. "இப்ப எவ்வளவோ தேவல. போன வருஷத்துலேருந்து ஒரு ஊசி போடறாங்க. அதோட வெலையக் கேட்டா நீங்க நாற்காலிலேருந்து விழுந்துடுவீங்க. நான்தான்க்கா அது. இன்னொருத்தர் மேல பழி போறதுக்கு முந்தி சொல்லிடலாம்னு வந்தேன்."

"அப்ப..." என்று ஆரம்பித்தவள் நிறுத்திக்கொண்டாள். பூனையின் பெயர் நாக்கு நுனி வரை வந்துவிட்டிருந்தது. வாழ்க்கையில் அவள் இவ்வளவு சிரமப்பட்டு எதையும் விழுங்கியதில்லை.

மேஸ்திரி வந்தது அன்று மாலையே. தங்கச்சி பிரசவத்துக்கு ஊருக்குப் போகிறேன் என்று ரெண்டு மாதம் லீவு எடுத்தாளே, அது பிரசவமே இல்லை. மார்பில் கட்டி. ஒரு பக்கம் எடுத்துவிட்டார்கள். இப்போது மாத்திரை, மூன்று மாதத்துக்கு ஒரு ஸ்கேன். எல்லாவற்றையும் விரிப்பு மடிக்கிற வேகத்தில் சொல்லி முடித்தாள். "அழுதுடாதீங்க, எனக்குப் பிடிக்காது" என்றும் சேர்த்துக்கொண்டாள். பிறகு வாசல்வரை போனவள் திரும்பி, "தங்கச்சிக்கு என்ன கொழந்தைன்னு நீங்க கேட்டப்ப ஆம்பளப் புள்ளன்னு சொன்னேன், ஞாபகம் இருக்கா? எனக்குத் தங்கச்சியே கெடையாதுக்கா" என்றாள். இருவருக்கும் சிரிப்பு வந்துவிட்டது. நிறுத்த முடியாமல் சிரித்தார்கள்.

அன்றிரவு வீட்டுக்காரர் பேசிக்கொண்டிருந்தது எதுவும் அவள் காதில் விழவில்லை. ஒருத்தர் என்றுதான் ஏஜென்ட் சொன்னார். மூன்று பேர் வந்து நான்தான் என்று நின்றுவிட்டார்கள். வராதவர்கள் எத்தனை பேர்? அந்த வீங்கிய கன்னத்துக்காரர் வீட்டில் என்ன இருக்கும்?

வாரக் கடைசியில் முதலாளி கூப்பிட்டார். "ஆள் தெரிஞ்சுதா?"

"தெரிஞ்சுது சார். ஒருத்தரில்ல."

"அப்புறம்?"

"பேரு சொல்ல மாட்டேன். என்னை வேலைய விட்டுத் தூக்கினாலும் சரி. வந்தவங்க எல்லாருமே தான்தான்னு நம்பறாங்க. அவங்கவங்க வீட்டுல இருக்கறது அவங்கவங்களுக்கு அவ்ளோ பெருசாத் தெரியுது."

அவர் கோபப்படுவார் என்று நினைத்தாள். அவர் நாற்காலியைத் திருப்பிக்கொண்டு உருளையைப் பார்த்தார். துணி வந்துகொண்டே இருந்தது.

"எங்க வீடுன்னுதான் நெனச்சேன்" என்றார். "என் பொண்ணு வெளியூர்ல படிக்கறான்னு சொன்னேன் இல்ல. படிக்கல. மனசு சரியில்ல அவளுக்கு. ரெண்டு தடவ ஆஸ்பத்திரில சேத்து வச்சிருந்தோம், ஒவ்வொரு தடவையும் மாசக்கணக்குல. நாங்களும் இதே இன்சூரன்ஸ்லதான இருக்கோம். ஏஜென்ட் சொன்னதும் எனக்கு உடம்பெல்லாம் வேர்த்துருச்சு. வேற யாராவது இருந்தா நல்லா இருக்குமேன்னுதான் உங்களப் பாக்கச் சொன்னேன்."

"இப்ப எப்படி இருக்கா?" என்று கேட்டாள். இந்தத் தடவை தெரிந்துகொள்வதற்காகக் கேட்கவில்லை.

"படம் வரையறா. நல்லா வரையறா."

திங்கட்கிழமை முதலாளி உருளையை நிறுத்தச் சொன்னார். அது நின்றதும் கூடத்துக்கே காது அடைத்ததுபோல் ஆயிற்று. மடிப்பு மேஜையைச் சுற்றி எல்லோரும் நின்றார்கள். அவர் தன் வீட்டு விஷயத்தைச் சொல்லவில்லை. இன்சூரன்ஸை விடப்போவதில்லை, குடும்பத்தையும் எடுக்கப்போவதில்லை என்றார். வாங்குவதாக இருந்த புது டிரையர் இந்த வருஷம் கிடையாது, பழையதோடே மல்லுக்கட்ட வேண்டும். சம்பளத்தில் பிடிக்கிற பங்கும் கொஞ்சம் ஏறும். யாரும் கைதட்டவில்லை. ஒன்றிரண்டு முகங்கள் சுருங்கின. "இதுவரைக்கும் எனக்குத் தலைவலிகூட வந்ததில்ல, நான் எதுக்குக் கூடக் கட்டணும்?" என்று பின்னாலிருந்து ஒருவர் கேட்டார். நியாயமான கேள்விதான். "அடுத்த வருஷமும் ஏத்தினா?" என்றாள் மேஸ்திரி. "தெரியல" என்றார் முதலாளி.

சாப்பாட்டு நேரத்தில் வழக்கத்தைவிடப் பேச்சு குறைவாக இருந்தது. துணி எண்ணி வாங்குகிற பெண் ஒருத்தி உண்டு. வந்த நாளிலிருந்து எண்களைத் தவிர வேறெதுவும் பேசியதில்லை. அவள் பையிலிருந்து சர்க்கரை பார்க்கிற ஒரு சின்னக் கருவியை எடுத்து, சாப்பாட்டு டப்பாவுக்குப் பக்கத்தில் எல்லோரும் பார்க்க வைத்தாள். விரல் நுனியைக் குத்தி ஒரு சொட்டு ரத்தத்தை அதில் செருகிய பட்டையில் ஒற்றினாள். "இத்தன நாளா பாத்ரூம்ல போய்ப் பாத்துட்டிருந்தேன்" என்றாள். "அங்க வெளிச்சம் பத்தல."

எல்லோரும் எட்டிப் பார்த்தார்கள். அந்த எண் நல்லதா கெட்டதா, வலிக்குமா, சாப்பிடும் முன்னாலா பின்னாலா என்று கேள்விகள் கிளம்பின. பூனை கட்டுப் போட்ட கையை மறைத்துக்கொண்டு மறு கையை நீட்டினான். டிரைவர் அவனைத் தள்ளிக்கொண்டு முன்னால் வந்தார். தலைவலியே வராதவரும் வரிசையில் வந்து நின்றார். "ஒரு பட்டை என்ன வெலைன்னு தெரியுமா உங்களுக்கு?" என்று அவள் அலுத்துக்கொண்டாலும், ஒவ்வொருவருக்கும் புது ஊசி மாற்றிக் குத்தினாள்.

"அக்கா, நீங்க?"

ஆபீஸ் அக்கா சோற்றுக்கையைக் கழுவித் துடைத்துக்கொண்டு வந்து விரலை நீட்டினாள். எறும்பு கடித்த மாதிரி ஒரு சுருக். ஒன்றுமே வராததுபோல் இருந்த இடத்தில் ஒரு சிவப்புப் புள்ளி தோன்றி, மெல்ல உருண்டு திரண்டது. பட்டை அதை உறிஞ்சிக்கொண்டது. கருவியின் திரையில் சின்னச் சின்னக் கோடுகள் மின்னி மின்னி ஓடின. இத்தனை தலைகளும் அதன் மேல் கவிழ்ந்திருக்க, அவளும் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தாள்.