ஆற்றுக்குத் திரும்பிய மணல்

மணல் அனுமதிகளைப் புளொக்செயினில் பதியத் தொடங்கிய வருடம், களவாக அள்ளிய மணலெல்லாம் கட்டிடங்களை விட்டிறங்கி ஆற்றுக்குத் திரும்பிப் போனது. முதலில் போனது, பதிவைத் திறந்துவைத்த அலுவலகத்தின் மதில்தான். திங்கட்கிழமை வேலைக்கு வந்தவர்கள், மாடு நுழையாமல் கயிறு கட்டிவிட்டு வேலையைப் பார்த்தார்கள். எழுதினால் யாராலும் அழிக்க முடியாத பதிவு அது. ஒவ்வொரு பதிவும் முந்தியதன் கையைப் பிடித்தபடி நிற்கும் என்று திறப்புவிழாவில் சொன்னார்கள். மணலுக்கும் அது கேட்டிருக்க வேண்டும்.

செய்தி கல்குடாவில் டொமினிக்கின் காதுக்கும் வந்தது. மனைவி றோஸ்மேரி இறந்ததிலிருந்து பதினொரு வருடமாக உழவு இயந்திரத்தில் களவு மணல் ஏற்றியவர் அவர். மகளுக்கு வீடு கொடுக்காமல் எங்கள் பக்கத்தில் கலியாணம் ஒப்பேறாது. அந்த மணலாலேயே மகள் மேர்லினுக்கு மூன்று அறை வீடு கட்டியிருந்தார். கலியாணத்துக்கு இருபது நாள் இருக்க, சுவர்கள் நாளுக்கு ஒரு சாண் குறையத் தொடங்கின. மணல் படியால் இறங்கி, தெருவோரமாக, ஒருவருக்கும் இடைஞ்சல் இல்லாமல் போனது. டொமினிக் சாக்கை விரித்து மறித்தார். அது சாக்கைச் சுற்றிக்கொண்டு போனது.

அள்ளியவர் தானே வந்து பதிவில் எழுதினால் மணல் நிற்கும், லோட்டுக்கு இவ்வளவு என்று தண்டம் கட்டவேண்டும் என்று அலுவலகத்தில் அறிவித்திருந்தார்கள். மகளின் வீட்டுக்கு ஏற்றிய ஒன்பது லோட்டை மட்டும் எழுதலாமென்று அலுவலகத்துக்குப் போனார். ஓட்டமாவடியிலிருந்து வேலைக்கு வரும் பர்ஸானா கணினியைப் பார்த்துவிட்டுச் சொன்னாள்: “முந்தின லோட எழுதாம இத எழுத ஏலா அண்ணன். பதிவு பிடிக்குதில்ல.”

“எது வரைக்கும் போகணும் மிஸ்?”

“முதல் லோட் வரைக்கும்.”

அத்தனைக்கும் தண்டமென்றால் உழவு இயந்திரம் மிஞ்சாது. ஆனாலும் டொமினிக் கதிரையில் அமர்ந்து, மூன்று நாள் பின்னோக்கிச் சொல்லிக்கொண்டே போனார். இரண்டாம் நாள் அதிகாரி உதயரூபன் தேநீரோடு வந்து, தன் மேல்மாடிக்கு டொமினிக் கொடுத்த பதினாறு லோட்டை எழுதாமல் தாண்டிப் போகச் சொன்னார். கண்டும் காணாமல் விட்டதற்காகக் கொடுத்த மணல் அது.

“தாண்டினா என்ட மகள்ட சுவர் நிக்காது சேர்,” என்றார் டொமினிக். தேநீரை உதயரூபனே குடித்தார்.

மூன்றாம் நாள் முதல் லோட்டுக்கு வந்தார்கள். அது லோட்டுமல்ல; றோஸ்மேரியின் கல்லறைக்குச் சைக்கிளில் கொண்டுவந்த இரண்டு சாக்கு. அதை அவர் ஒருநாளும் களவென்று நினைத்ததில்லை.

“எழுதுங்க மிஸ். றோஸ்மேரிக்கு, ரெண்டு சாக்கு.”

சுவர் நின்றுவிட்டதென்று மேர்லின் அப்போதே போன் எடுத்தாள்.

உழவு இயந்திரம் தண்டத்துக்குப் போனது. நெஞ்சளவுச் சுவருள்ள வீட்டில், குறித்த நாளில் கலியாணம் நடந்தது. வந்தவர்கள் உள்ளே இருந்தபடியே கடலைப் பார்த்தார்கள். எழுதாத மணல் இன்றும் தெருவைக் கடக்கும். பொலன்னறுவை பஸ் மாட்டுக்கு நிற்பதுபோல நின்று போகும்.

கலியாணத்துக்கு மறுநாள் டொமினிக் கல்லறைக்கு நடந்து போனார். ஊரெல்லாம் மணல் இறங்கிய அத்தனை நாளிலும் அந்த இரண்டு சாக்கு மணலில் ஒரு விரல்கூடக் குறைந்திருக்கவில்லை. றோஸ்மேரி பிடித்து வைத்திருந்திருக்கிறாள் என்று வீட்டில் வந்து சொன்னார். மேர்லின் ஓம் என்றாள்.